கட்டை விரலுக்கு ஒரு மாதம்

எங்கள் குப்பத்துக் கோயில் மைக்கில் எல்லாம் சொல்வார்கள். கடலில் காற்று ஜாஸ்தி, யாரும் போகாதீர்கள் என்பார்கள். ஏரியில் வலை கட்ட இன்றைக்கு யார் முறை என்பார்கள். அந்த முறையைத்தான் நாங்கள் பாடு என்போம். காணாமல் போன ஆடு, கண்டெடுத்த சாவி, கேஸ் வண்டி வந்து நிற்பது, எல்லாம் அதில்தான். ஆனால் ஒரு மனுஷனுடைய உடம்புச் சர்க்கரையைப் பற்றி அந்த மைக்கில் சொல்ல வைத்தவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான். அதுவும் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து எட்டு வருஷம் ஆகிறது. பிரஷர் அதற்கும் முன்னால். மாதம் ஒரு முறை சுகாதார சிஸ்டர் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். அதை இந்த மனுஷன் எப்படிச் சாப்பிட்டார் தெரியுமா? படகு என்ஜினுக்கு டீசல் ஊற்றுகிற கணக்கில். கடலுக்கோ ஏரிக்கோ போகிற நாளில் ஒரு மாத்திரை. கரையில் இருக்கிற நாளில் கிடையாது.

"வூட்ல சும்மா குந்திகினு கீற அன்னிக்கு மாத்திரைய இன்னாத்துக்கு வேஸ்ட் பண்ணணும்?" என்பார்.

மிச்சம் பிடித்த மாத்திரைகளைத் தூண்டில் முள் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். ஒரு நாள் நான் அதைத் திறந்து பார்த்தால் முள்ளை விட மாத்திரைதான் அதிகம் இருந்தது. கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் எங்கள் தெருவில் காக்கை உட்காராது, அதை நானே ஒத்துக்கொள்கிறேன். அவர் கம்மென்று இருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் அரை வார்த்தை பேசுவார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஏரியிலிருந்து வந்தார். வாசலில் தொடங்கி அடுப்படி வரைக்கும் சிமென்ட் தரையில் சிவப்பாகக் கோடு.

"யோவ், இன்னாய்யா கால்ல ரத்தம்?"

"எந்தக் கால்ல?" என்று கேட்டார்.

வலது காலின் கட்டை விரலைச் சிப்பி ஓடு நன்றாகக் கிழித்திருந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை. மஞ்சள் வைத்தேன், வேப்பெண்ணெய் வைத்தேன், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று ஏதோ இலையை அரைத்துக்கூட வைத்தேன். மூன்று வாரம் ஆகியும் புண் ஆறவில்லை. ஓரம் கறுத்துப்போய் ஒரு மாதிரி வாடை அடிக்க ஆரம்பித்தது. பஸ் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசுதான், ஆனால் சுற்றி வளைக்காமல் பேசினார். "ஐயா, இது சர்க்கரைப் புண். சுகர் முந்நூறுக்கு மேல இருக்கு. மாத்திரையோட ஊசியும் போட்டு ஒரு மாசம் பார்ப்போம். சர்க்கரை இறங்கினா புண்ணு ஆறிடும். இறங்கலைன்னா விரலை எடுக்க வேண்டியிருக்கும்."

"எந்த வெரலு?"

"இந்தக் கட்டை விரல்தான்."

அவர் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தார். பிறகு ஏலத்தில் நின்று பேரம் பேசுகிற குரலில், "சுண்டு வெரல எடுத்துக்கினா ஆவாதாம்மா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் என் சிரிப்பும் நின்றுவிட்டது.

கட்டை விரல் போனால் என்ன என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கலாம். ஏரியில் தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும், என்ஜின் போடாத இடத்தில் கோல் ஊன்றித்தான் படகைத் தள்ள வேண்டும். படகின் விளிம்பில் நின்று முழு உடம்பையும் சாய்த்துத் தள்ளும்போது கட்டை விரல்தான் பலகையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அது இல்லாதவன் விளிம்பில் நிற்க முடியாது. நிற்க முடியாதவனுக்குப் படகில் வேலை இல்லை, பாடு முறையிலும் இடம் இல்லை. அவருக்கு வேறு வேலை எதுவும் தெரியாது. சும்மா உட்காரவும் தெரியாது.

ஆஸ்பத்திரி சிஸ்டர் மருந்துப் புட்டியைக் கொடுத்து ஊசி போடக் கற்றுக்கொடுத்தார். காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால். "இதைக் குளிர்ச்சியா வெச்சுக்கணும்மா. வீட்ல ஃபிரிட்ஜ் இருக்கா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. உப்புக் காற்றில் துருப்பிடித்து, கதவு கழன்று, ரேஷன் அரிசி வைக்கிற அலமாரியாகிவிட்டது. ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன தலையெழுத்து? நான் மீன்காரி. இருபது வருஷமாக ஐஸோடு குடும்பம் நடத்துகிறவள்.

"ஃபிரிட்ஜ் இன்னா சிஸ்டர் ஃபிரிட்ஜ்! அத்த வுட சோக்கா வெப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சிஸ்டர் பின்னாலிருந்து மண்பானை, ஈர மணல் என்று என்னவோ சொன்னார். நான் நின்று கேட்கவில்லை. பஸ் நேரமாகிவிட்டது என்று ஒரு சாக்கு, எனக்குத் தெரியாததா என்கிற கொழுப்பு இன்னொன்று.

ஐஸ் பெட்டி கட்டுவது எல்லோருக்கும் வராது. வெறும் ஐஸைக் கொட்டினால் மத்தியானத்துக்குள் தண்ணீராகிவிடும். அடியில் தூள் ஐஸ், மேலே மீன், அதன் மேலே ஐஸ், ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கைப்பிடி கல்லுப்பு. உப்பு போட்டால் ஐஸ் வெறி பிடித்துக் குளிரும், கை வைத்தால் எரியும். என் பெட்டியில் வைத்த இறால் மறுநாள் மத்தியானம்கூட விறைப்பாக நிற்கும். பக்கத்து ஊர் திருப்பாலைவனத்தில் நெல் பயிர் வைக்கிற வீடுகளுக்குத் தலையில் கூடை வைத்துக்கொண்டு போய் விற்கிறேன். இதுவரை ஒருத்தர் "மீன் நாறுது" என்று சொன்னதில்லை. அந்தப் பெட்டியில், நல்ல இறாலுக்கு ஒதுக்குகிற நடு இடத்தில், பிளாஸ்டிக் பையில் சுற்றி அந்தப் புட்டியை வைத்தேன். சாமி உண்டியலைப் போலப் பார்த்துக்கொண்டேன்.

வேளைக்கு எடுத்து, உள்ளங்கையில் வைத்து உருட்டி, இளகினதும் ஊசியில் இழுத்துப் போடுவேன். மற்றபடி கெளுத்தி முள் கையில் ஏறினால் பல்லால் கடித்துப் பிடுங்கிப் போடுகிறவர், மயிரிழை மாதிரி இருக்கிற ஊசியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

"முடிஞ்சிதா?"

"இன்னும் மூடியே கயட்டலய்யா."

அடுத்தது சாப்பாடு. மூன்று வேளையும் மலையாகச் சோறு போட்டுக்கொண்டு நடுவில் குளம் கட்டிக் குழம்பு ஊற்றுகிற ஆள் அவர். டாக்டரம்மா ஒரு வேளைக்கு இரண்டு கரண்டி என்று சொல்லிவிட்டார். அவர் கரண்டியைத் தூக்கிப் பார்த்தார். "இது கொயம்பு கரண்டி. சோத்துக் கரண்டி பெருசா ஒண்ணு கீதே?" என்றார். காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி. நாஸ்தாவுக்கு ஓட்ஸ் நல்லது என்று யாரோ சொன்னார்கள் என்று ஒரு பாக்கெட் வாங்கிக் காய்ச்சிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "வலைக்குக் கஞ்சி போடறதுக்கா இது?" என்று கேட்டார்.

பிரஷருக்காகக் கருவாட்டையும் நிறுத்தினேன். அன்றைக்குத்தான் அவர் முழு வாக்கியமாகப் பேசினார். "கருவாடு இல்லாம கஞ்சி குடிக்கறதுக்கு நான் இன்னாமே தப்பு பண்ணேன்?"

"எட்டு வருசமா மாத்திரைய முள்ளு டப்பால போட்டியே, அதான் தப்பு."

மனுஷன் ஒழுங்காகத்தான் சாப்பிட்டார். அதாவது என் கண் முன்னால். ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். அதே முந்நூறு, சொச்சம் மட்டும்தான் மாறியிருந்தது.

டாக்டரம்மா கேட்டார், "ஐயா, வெளில ஏதாவது சாப்பிடறீங்களா?"

"இல்லம்மா" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்தார்.

அந்தப் பார்வை போதாதா எனக்கு! இவர் எங்கோ தின்கிறார். வீட்டில் சப்பாத்தி, வெளியில் பாயசம். அன்றைக்கே வேட்டையை ஆரம்பித்தேன். சட்டையைக் கழற்றி மாட்டினால் பையை உதறிப் பார்ப்பேன். லுங்கி முடிச்சில் எறும்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். வெளியிலிருந்து வந்ததும் "வாயத் தொற" என்பேன். அவர் திறப்பார். பீடி வாசனை தவிர ஒன்றும் இருக்காது. அதுவும் இருக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு சண்டை.

டீக்கடைக்காரரிடம் போய், "அண்ணே, அவருக்குச் சக்கர போட்டு டீ குடுத்தே, நான் உன் பாய்லர ஏரில கடாசிடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த மனுஷன் பயந்துபோய் ஒரு வாரம் இவருக்கு டீயே கொடுக்கவில்லை. வெந்நீர் கொடுத்திருக்கிறார்.

அதுவும் போதாது என்றுதான் மைக்குக்குப் போனேன். மைக் பிடிப்பவர் எனக்குக் கொழுந்தன் முறை. "இதெல்லாம் மைக்குல சொல்லலாமா அண்ணி?" என்று கேட்டார். "ஆடு காணோம்னா சொல்றியே, உங்க அண்ணன் கால் வெரலு ஆட்ட வுட கேவலமா?" என்றேன். பாடு யாருக்கு என்று சொல்லி முடித்த கையோடு, வீட்டுக்காரர் பெயரை முழுசாகச் சொல்லி, "இவருக்குச் சர்க்கரை கூடிப்போயிருப்பதால், ஊர் ஜனங்கள் யாரும் இவருக்கு இனிப்பு, டீ, பாயசம், வாழைப்பழம் தரக்கூடாதென்று கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று இரண்டு முறை சொன்னார்.

அப்புறம் அவர் தெருவில் நடந்தால் பிள்ளைகள் கையிலிருக்கிற மிட்டாயை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். காதுகுத்து வீட்டில் எல்லோருக்கும் லட்டு வைத்துக்கொண்டு வந்து, இவர் இலையை மட்டும் தாண்டி, பதிலுக்கு ஒரு ஸ்பூன் வேப்பம்பூ ரசம் ஊற்றினார்கள். வலை பின்னுகிற இடத்தில், "மச்சான், கடல் தண்ணி குடி, அதுல சக்கர கெடையாது" என்று கிண்டல். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார்.

இரண்டாம் வாரம் சோதித்தால் பத்துக்கூட இறங்கவில்லை. புண் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் காலைப் பலகையில் வைத்துப் புண்ணுக்குக் கட்டுத் துணி மாற்றினேன். கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. மூக்கு, கண் எல்லாம் ஒழுக, அசிங்கமாக அழுதேன்.

"சொல்லுய்யா. எங்கதான் துன்னுற? சத்தியமாத் திட்ட மாட்டேன். சொல்லிடு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "ஜிலேபி" என்றார்.

"எங்க?"

"திருப்பாலைவனம் பஸ் ஸ்டாப் கடைல."

"எத்தினி?"

"மூணு. ஒவ்வொரு வாட்டியும் மூணு. இனிமே துன்ன மாட்டேன், நீ அயுவாத."

எனக்கு உயிர் வந்தது. சத்தியத்தை மறந்துவிட்டு அரை மணி நேரம் திட்டினேன். திட்டத் திட்ட மனசு லேசானது. திருடன் கிடைத்துவிட்டான், இனிமேல் விரல் பிழைத்துவிடும் என்று தெம்பாக இருந்தது. மறுநாளிலிருந்து பாகற்காய்ச் சாறு சேர்த்துக்கொண்டேன். அவர் தனியாக பஸ் ஏறக் கூடாது என்று உத்தரவு போட்டேன். அவரும் கையைக் கட்டிக்கொண்டு சரி என்றார்.

மூன்றாம் வாரமும் இறங்கவில்லை.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் விரலுக்குத் தேதி குறிச்சிடலாம்" என்றார். ஒரு வாரமாக இந்த மனுஷன் என் கண்ணை விட்டு நகரவில்லை. ஜிலேபி எந்த வழியாக வந்தது?

சிஸ்டர்தான் கேட்டார், "அம்மா, மருந்துப் புட்டி கையில இருக்கா?"

இருந்தது. பஸ்ஸில் வெயில் படுமே என்று தூக்குச் சட்டியில் ஐஸ் நிரப்பி, உப்பு போட்டு, நடுவில் புட்டியைப் புதைத்துக் கொண்டுபோயிருந்தேன். பெருமையாக மூடியைத் திறந்தேன். அறை முழுக்க இறால் வாசனை. சிஸ்டர் இரண்டு விரலால் புட்டியை எடுத்து ஆட்டினார். உள்ளே ஒன்றும் ஆடவில்லை. மேசையில் தட்டினார், கல்லைத் தட்டினது போல் சத்தம் வந்தது.

"இது எவ்ளோ நாளா இப்படி இருக்கு?"

"மொத நாள்லேர்ந்தே சிஸ்டர். ஊசி போடற நேரம் தவிர இளக வுட்டதே இல்ல" என்றேன், பாராட்டப் போகிறார் என்று.

சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா வந்து புட்டியை உள்ளங்கையில் வைத்து இளக்கிக் காட்டினார். பால் மாதிரி இருக்க வேண்டிய மருந்து திரிதிரியாக அடியில் நின்றது. அந்தத் திரியை நான் முதல் வாரமே பார்த்திருக்கிறேன். சத்து இறுகி நிற்கிறது என்று நினைத்து நன்றாகக் குலுக்கிப் போட்டிருக்கிறேன்.

"அம்மா, இது ஒரு வாட்டி உறைஞ்சாலே கெட்டுப்போயிடும். அப்புறம் அது வெறும் தண்ணி. மூணு வாரமா இவருக்கு மருந்தே போகலை."

மூன்று வாரம், வேளை தவறாமல், என் கையாலேயே தண்ணீரைக் குத்தியிருக்கிறேன். இருபது வருஷத்து ஐஸ் கெட்டிக்காரத்தனத்தை எல்லாம் காட்டி அந்த மருந்தை ஒரு வழி பண்ணியிருக்கிறேன். வீட்டுக்காரர் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? டாக்டரம்மாவிடம், "அவ நல்லாத்தாம்மா வெச்சிருந்தா. மீனா இருந்தா இன்னும் ஒரு வாரம் தாங்கும்" என்றார்.

புதுப் புட்டி கொடுத்தார்கள். தேதி குறிப்பதை டாக்டரம்மா தள்ளி வைத்தார். இந்த முறை நான் நின்று கேட்டேன். மண்பானையில் ஈர மணல், அதற்குள் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் புட்டி, வெயில் படாத மூலை. ஐஸ் பக்கமே போகக் கூடாது. மூன்று தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினேன்.

அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போனேன். கொழுந்தனைச் சொல்லச் சொல்லாமல் மைக்கை நானே வாங்கினேன். என் தொண்டைக்கு அது தேவையே இல்லை என்று பிறகு சொன்னார்கள். "எங்க வூட்டுக்காரருக்குச் சக்கர எறங்காததுக்குக் காரணம் இனிப்பு இல்ல. நாந்தான் மருந்த இறால் பெட்டில வெச்சுக் கெடுத்துட்டேன். அவர யாரும் கிண்டல் பண்ணாதீங்க. பண்ணா என்னப் பண்ணுங்க" என்றேன். இனிப்பு தரலாமா என்று ஒருத்தன் கூட்டத்திலிருந்து கேட்டான். "குடுத்தா கைய ஒடிப்பேன்" என்று அதையும் மைக்கிலேயே சொன்னேன். பிறகு ஒரு மாதத்துக்கு எனக்குப் பெயர் ஐஸ் டாக்டர். கூடை தூக்கிக்கொண்டு போனால் போதும், "டாக்டரே, நெஞ்சு வலிக்குது, எத்தினி கிலோ ஐஸ் போடணும்?" என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். எனக்கு அது வேண்டியதுதான்.

புது மருந்து போட்ட நாலாம் நாளிலிருந்து சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. புண் ஏறுவது நின்றது, அப்புறம் ஓரத்தில் ரோஸ் கலரில் தோல் வந்தது. இரண்டு மாதம் ஆயிற்று. நகம் திரும்ப வரவில்லை, விரல் கொஞ்சம் கோணிக்கொண்டது. ஆனால் இருக்கிறது. "இனி ஆபத்து இல்லை. காலைத் தினமும் பாருங்க, செருப்பில்லாம நடக்காதீங்க, ஊசியையும் மாத்திரையையும் விடாதீங்க" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பிய அன்றைக்கு, இருவரும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம்.

திருப்பாலைவனம் ஸ்டாப்பில் பஸ் நின்றது. ஜன்னல் வழியாக அந்தக் கடை தெரிந்தது. வாழைக்காய் பஜ்ஜி, மெதுவடை, கண்ணாடிக்குள் காராசேவ். எப்போதும் அவ்வளவுதான் அங்கே. இருபது வருஷமாக அந்த ஸ்டாப்பில் மீன் கூடையோடு இறங்குகிறவள் நான், அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை.

"யோவ்" என்றேன். "இந்தக் கடைல ஜிலேபியே போட மாட்டானே."

"மாட்டான்" என்றார்.

"அப்பறம் இன்னாத்துக்குய்யா துன்னேன்னு சொன்ன? ஏற்கெனவே ஊரே சிரிச்சிகினு இருந்திச்சே. நான் எவ்ளோ திட்டினேன்."

அவர் புதுச் செருப்புக்குள் விரலை அசைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ அயுதுகினு இருந்த. நான் துன்னேன்னு சொன்னா, நிறுத்திட்டா சரியாப் பூடும்னு உனக்கு ஒரு தைரியம் கீதுல்ல. துன்னலன்னு சொன்னா? அப்பறம் இன்னா பண்றதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரெண்டு பேரும் பயந்துகினு எப்பிடி இருக்கறது?"

பஸ் கிளம்பியது. எனக்குப் பேச்சு வரவில்லை. என் வாழ்க்கையில் அது எத்தனை அபூர்வம் என்று அவருக்குத்தான் தெரியும். கொஞ்ச தூரம் போனதும் அவரே மெதுவாக, "திட்டேன், இன்னா கம்முனு கீற?" என்றார்.